மிளகு வணிகர் ஏரியில் குதித்த கதை

காக்கைகளுக்குக் கறுப்பு இன்னும் முழுசாக ஏறாமல், எல்லாம் சாம்பல் நிறத்தில் திரிந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஏழுமடை என்று ஓர் ஊர். ஊருக்குக் கிழக்கே ஓர் ஏரி. ஏரிக்கரையில், தண்ணீருக்கு மேலே சாய்ந்து வளர்ந்த ஒரு மருத மரம். கதை முழுக்க அதன் கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் யாரும் மரத்தை உலுக்காமல் கேளுங்கள்.

அந்த ஊரில் ஆதிச்சர் என்று ஒரு மிளகு வணிகர். வயது ஐம்பத்திரண்டு. அவர் தெருவில் வந்தால் முதலில் தொந்தி வரும், பிறகு அவர் வருவார். அவர் நடந்தால் ஊர் எழுந்து நிற்கும். அவர் நின்றால் ஊர் கைகட்டும். அவர் தும்மினால் ஊர் முழுக்க "நூறு வயசு" என்று வாழ்த்தும்.

பங்குனித் திருநாளில் தேர் புறப்படும் முன்னால், கோயில் வாசலில் முதல் மரியாதை அவருக்குத்தான். அம்மனுக்குச் சாத்திய மாலை அவர் கழுத்தில் விழும். தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டுவார்கள். தேர் வடத்தை முதலில் அவர் கைதான் தொடும். ஏழு தலைமுறையாக அந்த வீட்டுக்கு அந்த மரியாதை. அவருக்கு அதில் ஆசை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பரிவட்டம் கட்டிய தலையை அன்று பொழுது சாயும் வரை அவர் அசைக்கவே மாட்டார். சாப்பிட உட்கார்ந்தாலும் குனிய மாட்டார், இலைதான் மேலே வந்தாக வேண்டும்.

எல்லாம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. அவர் சிரித்து முப்பது வருடம் ஆகியிருந்தது. சிரிப்பு போனது அவருக்கே தெரியாது. தொலைந்தது தெரியாதவன் எங்கே போய்த் தேடுவான்?

ஒரு நாள் காலை அவர் ஏரிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தார். காற்று ஒரு சுழற்றுச் சுழற்றி, அவருடைய மேல்துண்டைப் பிடுங்கி மருதக் கிளையில் மாட்டிவிட்டது. அக்கம்பக்கம் ஆள் இல்லை. சரி, நாமே எடுப்போம் என்று அவர் கிளையில் ஏறினார். ஒரு அடி வைத்தார், கிளை தாங்கியது. இரண்டாவது அடி வைத்தார், கிளை முனகியது. மூன்றாவது அடி வைத்தார்.

தொபுக்கடீர்.

ஏரியில் இருந்த கொக்குகள் எல்லாம் "இதென்னடா அநியாயம்" என்று எழுந்து பறந்தன. தண்ணீர் கரையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஆதிச்சர் அடிவரை போய், சேற்றை மிதித்து, மேலே வந்து, மூக்கிலிருந்து தண்ணீரை ஊதிவிட்டு, ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்தார். தொந்தி குலுங்கி, தண்ணீர் அலையடித்து, அலை கரையில் மோதும் வரை சிரித்தார்.

அப்புறம் கரையேறினாரா? ஏறினார். வீட்டுக்குப் போனாரா? அதுதான் இல்லை. துண்டு இன்னும் கிளையில்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஏறினார். மறுபடி தொபுக்கடீர். மூன்றாம் முறை ஏறும்போது துண்டு இடுப்பில்தான் கட்டியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மூன்று குதி. அதன் பிறகு மிளகுக் கடை. கடைக்கு வருகிறவர்களிடம் அவரே முதலில் பேசினார். மிளகை அள்ளிக் கொடுக்கும்போது ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்தார். எந்த ராகம் என்று எந்தப் பாணனாலும் சொல்ல முடியவில்லை.

ஊர் சும்மா இருக்குமா?

முதலில் வீட்டிலேயே ஆரம்பித்தது. அவர் மனைவி பெயர் நங்கை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஊரில் என்ன பேசிக்கிறாங்க தெரியுமா?"

"என்ன பேசிக்கிறாங்க?"

"அதை என் வாயால் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்றவள், சோறு ஆறி, குழம்பில் ஏடு படியும் வரை சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மோர் ஊற்றச் சொன்னார்.

பிறகு பேச வந்தவர்களில் முதல் ஆள் நங்கையின் தம்பி வேள்கண்ணர். இவர் பேச்சை வாசிக்கும்போது மட்டும் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். குரல் சரியாக வரும்.

"அத்தான், நீங்க குதிங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா நான் தெருவில் நடக்க முடியலை. 'உங்க அத்தான் இன்னிக்கு எத்தனை குதி'ன்னு கேக்கறாங்க. நேத்து ஒருத்தன் என்னைப் பார்த்து, நீங்க எப்பங்க குதிக்கப் போறீங்கன்னு கேட்டுட்டான்."

"நீ என்ன சொன்னாய்?"

"எனக்கென்ன பைத்தியமான்னு கேட்டேன்."

"குதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார் ஆதிச்சர். மறுநாள் காலை மூன்றுக்குப் பதில் நான்காகக் குதித்தார்.

இரண்டாவதாக வந்தவர் ஊர்ச் சபைத் தலைவர் பெருநற்கிள்ளையார். பெயரில்தான் கிள்ளை. காலிப் பானைக்குள் தலையை விட்டுப் பேசினால் எப்படி இருக்கும், அந்தக் குரல்.

"ஆதிச்சரே, சபை கூடியது. பேசியது. முடிவு செய்தது. பரிவட்டம் கட்டும் தலை தண்ணீருக்குள் தலைகீழாகப் போகக் கூடாது. குதிப்பதா, முதல் மரியாதையா? இரண்டில் ஒன்றைச் சொல்லும்."

"தலைகீழாகப் போகவில்லை. உட்கார்ந்த மேனிக்குத்தான் போகிறேன்" என்றார் ஆதிச்சர்.

"அது இன்னும் மோசம்" என்றார் தலைவர்.

இப்போது ஆதிச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா கட்டிய பரிவட்டம். தாத்தா கட்டிய பரிவட்டம். ஏழு தலைமுறை வரிசையாக நின்று தன்னைப் பார்ப்பது போல இருந்தது. நங்கை வேறு ஒரு மூலையில் நின்றுகொண்டு, ஒன்றும் பேசாமல், அதனாலேயே எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தாள். "சரி, குதிக்கவில்லை" என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் மிளகு மூட்டைகளின் மேல் ஏறி நின்று கீழே பார்த்தார். கீழே தரை. இறங்கிவிட்டார். இரண்டாம் நாள் கொல்லையில் இருந்த அண்டாவை மூன்று முறை சுற்றி வந்தார். அண்டாவின் இடுப்பு அவர் இடுப்பைவிடச் சிறியது. மூன்றாம் நாள் தெருமுனைக் குட்டை ஓரம் போய் நின்றார். உள்ளே படுத்திருந்த எருமை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. அந்த எருமைக்கு இருந்த இரக்கம் சபைக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டே அவர் வீட்டுக்குத் திரும்பினார்.

மூன்றாவதாக வந்தவர் சோதிடர் மணிகிரீவர். நாக்குக்கு அடியில் வெல்லக் கட்டியை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி அத்தனை இனிப்பு.

"எதற்கய்யா வாடுகிறீர்கள்? வேண்டுதல் என்று சொல்லிவிடுங்களேன்."

இங்கே அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏழுமடையில் ஒருவன் என்ன செய்தாலும் ஏன் என்று கேட்பார்கள். வேண்டுதல் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். ஒருவர் ஒரு மண்டலம் பின்பக்கமாகவே நடந்தார். வேண்டுதல் என்றார், ஊர் வழிவிட்டது. ஒருத்தி ஒரு மாதம் தலையில் பூசணிக்காயோடு திரிந்தாள். வேண்டுதல் என்றாள், ஊர் கும்பிட்டது. இன்னொருவர் மாமியாரோடு ஒரு வருடம் பேசவில்லை. அதையும் வேண்டுதல் என்றுதான் சொன்னார். மாமியாரே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆனால் நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லையே" என்றார் ஆதிச்சர்.

"அது உங்களுக்கும் அம்மனுக்கும் நடுவில் இருக்கட்டும். ஊருக்கு ஒரு வார்த்தை. குதியும் இருக்கும், பரிவட்டமும் இருக்கும்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஆதிச்சரும் அதையேதான் சொன்னார். "ஆமாம், வேண்டுதல்தான்."

ஊர் தலைகீழாக மாறியது. மறுநாள் காலை அவர் ஏரிக்கரைக்குப் போனால், அவருக்கு முன்னால் ஊரே அங்கே நிற்கிறது. மருத மரத்துக்கு மஞ்சள் துணி கட்டியாகிவிட்டது. மேளம் வந்துவிட்டது. சோதிடர் நல்ல நேரம் குறித்துவிட்டார். மச்சினர் வேள்கண்ணர் கையில் துவட்டும் துண்டோடு கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு, "தள்ளுங்க, தள்ளுங்க, அவர் என் அத்தான்" என்று மூக்கால் முழங்கினார்.

ஆதிச்சர் கிளையில் ஏறினார். கால் சொன்னது, குதி. சோதிடர் சொன்னார், இருங்கள். ராகுகாலம் முடியும் வரை கிளையில் கொக்கு மாதிரி உட்கார வைத்தார்கள். பிறகு குதித்தார். தண்ணீருக்கு மேலே வந்ததும் வழக்கம்போலச் சிரிப்பு கிளம்பியது. சபைத் தலைவர் பானைக் குரலில், "பக்தி, பக்தி" என்றார். வந்த சிரிப்பை ஆதிச்சர் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினார்.

அதோடு விட்டார்களா? வேண்டுதல் என்றால் விரதம் வேண்டாமா என்றார்கள். காலைச் சாப்பாடு போயிற்று. மூன்று குதி போதாது, ஒன்பதாக்குங்கள் என்றார்கள். மூச்சு வாங்கியது. குதிக்கும்போது முகம் இப்படி இருக்க வேண்டும், கை இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். கரையேறினால் காலில் விழுந்தார்கள். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஊர் அவரை அப்படி மதித்தது, அப்படிப் போற்றியது. ஏரிக்குப் போகும் வழியில் அவர் நடை நாளுக்கு நாள் மெதுவானது. கடையில் அந்த ராகமும் நின்றுபோயிற்று.

பங்குனித் திருநாள் வந்தது. அந்த வருடம் அரசரே வந்தார். தன் நாட்டில் ஒரு வணிகர் ஊர் நலத்துக்காகத் தினம் ஒன்பது முறை ஏரியில் விழுகிறார் என்று அவர் காதுக்கும் போயிருந்தது. அரசர் என்றதும் இடி மாதிரிக் குரல் என்று நினைப்பீர்கள். இல்லை. அன்றைக்குத்தான் முட்டையை உடைத்து வந்த கோழிக்குஞ்சின் குரல். சுற்றி நிற்பவர்கள்தான் இடி விழுந்தாற்போல நடுங்கிக் காட்டுவார்கள்.

கோயில் வாசலில் ஆதிச்சருக்கு மாலை போட்டார்கள். பரிவட்டம் கட்டினார்கள். கூட்டம் அப்படியே ஏரிக்கரைக்கு நகர்ந்தது.

"இவர் பக்தியை மெச்சினோம்" என்று கீச்சிட்டார் அரசர். "இந்தக் கரையில் ஒரு கல் நடுகிறோம். இவரும், இவர் பிள்ளைகளும், பேரன்மாரும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை இவர் வம்சத்தில் பிறந்த ஒவ்வொருவரும், தினம் ஒன்பது முறை இந்த ஏரியில் குதிக்கக் கடவர். தவறினால் தண்டம். கல்தச்சரே, வெட்டும்."

ஊர் ஆரவாரம் செய்தது. கல்தச்சர் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

ஆதிச்சர் அந்தக் கல்லைப் பார்த்தார். இன்னும் பிறக்காத ஒரு பேரனுக்குப் பேரன், தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவன், குளிர்காலத்தில் அந்தக் கிளையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. தன் சந்தோஷத்தை ஒரு பொய்க்குள் ஒளித்து வைத்தோம். அந்தப் பொய் வளர்ந்து சந்தோஷத்தைத் தின்றுவிட்டது. இப்போது பிள்ளைகுட்டிகளையும் தின்ன வாயைத் திறக்கிறது.

"நிறுத்துங்கள்" என்றார்.

சுத்தியல் நின்றது.

"அரசே, வேண்டுதல் எதுவும் இல்லை. நான் பொய் சொன்னேன்."

மேளக்காரர் கையில் குச்சி அப்படியே நின்றது. சோதிடர் கூட்டத்தில் இரண்டு ஆள் பின்னால் போனார்.

"பின்னே எதற்காகக் குதித்தீர்?"

"பிடித்திருந்தது."

"யார் நலத்துக்காக?"

"என் நலத்துக்காக."

"அதனால் ஊருக்கு என்ன பயன்?"

ஆதிச்சர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "ஒன்றும் இல்லை, அரசே. கெடுதலும் இல்லை. மேலேயிருந்து விழும்போது வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு வரும். தண்ணீரில் பட்டதும் அது சிரிப்பாக வெடிக்கும். அவ்வளவுதான்."

பெருநற்கிள்ளையார் பானைக் குரலை எடுத்தார். "சபையின் முடிவு தெரியுமல்லவா? முதல் மரியாதை போகும்."

"தெரியும்."

"ஏழு தலைமுறை மரியாதை."

"அதுவும் தெரியும்."

"அம்மன் பேரில் பொய் சொன்னதற்கு?"

"காலையிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தால், எல்லாம் முன்பே தெரியும் போலத்தான் இருந்தது."

ஆதிச்சர் நங்கையின் பக்கம் திரும்பினார். அவள் கண் நிறைந்திருந்தது. போவது அவர் மரியாதை மட்டுமா? அடுத்த பங்குனியில் முதல் வரிசையில் நிற்கப்போவது அவளும் அல்ல. "நங்கை, உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்" என்றார். அவள் கையை நீட்டினாள். அவர் பரிவட்டத்தை அவிழ்த்து, மடித்து, மாலையோடு அவள் கையில் வைத்தார். பக்கத்தில் வேள்கண்ணரின் தலை அதற்குள் தானாகவே ஒரு சாண் முன்னால் நீண்டிருந்தது. அக்காள் தன் கையாலேயே தம்பி தலையில் அதைக் கட்டினாள். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினாள்.

அப்புறம்? அப்புறம் ஆதிச்சர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கிளையில் ஏறினார். நல்ல நேரம் பார்க்கவில்லை. மேளம் இல்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்ற கவலை இல்லை. முழங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

தொபுக்கடீர்.

எழும்பிய தண்ணீர் சோதிடரின் ஓலைச்சுவடி மேல் விழுந்தது. சபைத் தலைவரின் திறந்த வாய்க்குள் விழுந்தது. அரசரின் மணிமுடி மேலும் விழுந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஏரியின் நடுவில் ஒரு தொந்தி மிதந்தது. அதன் மேலே, அடக்கி வைத்த அத்தனை நாளுக்கும் சேர்த்து, ஒரு சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

அரசர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குனிந்து, பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கீச்சிட்டார். "அந்த இடத்தில் ஆழம் எவ்வளவு இருக்கும்?"

"அரசே, பட்டத்து யானை காத்திருக்கிறது" என்றார் அமைச்சர்.

அரசர் போனார். யானை மேலிருந்து மூன்று முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். கல்தச்சர் அந்தக் கல்லைத் தன் வீட்டுக்கு உருட்டிப்போய் அதில் துணி துவைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ஆதிச்சர் ஏரிக்குப் போனபோது, கொல்லர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மோதிரம் விழுந்துவிட்டது என்றார். அவர் விரலில் மோதிரம் இருந்தது. அடுத்த நாள் நெசவாளர் வீட்டு அம்மாள் வந்தாள். இடுப்புப் பிடிப்புக்கு வைத்தியர் குதிக்கச் சொன்னாராம். மூன்றாம் நாள் பெருநற்கிள்ளையாரே வந்தார். ஏரியின் கொள்ளளவைச் சபை சார்பில் சோதிக்க வேண்டும் என்றார். ஒன்பது முறை சோதித்தார். ஆதிச்சர் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. கிளையில் ஓரமாக நகர்ந்து இடம் கொடுத்தார். நாளாக ஆக மோதிரமும் தொலையவில்லை, இடுப்பும் பிடிக்கவில்லை. வந்தார்கள், குதித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள்.

கரையில் காய்ந்தபடி நின்றவர் வேள்கண்ணர் ஒருவர்தான். "எனக்கு மரியாதை இருக்கு, நான் குதிக்க முடியாது" என்று மூக்கால் சொல்லிக்கொண்டே, வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நங்கை மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு மாதம் கணவனோடு அளந்துதான் பேசினாள். அடுத்த மாதம் ஈரவேட்டியைக் கொடியில் போடும்போது கொஞ்சம் முனகினாள். அதற்கும் அடுத்த மாதம் ஒரு காலையில், அவர் கிளையில் உட்கார்ந்திருக்கும்போது கிளை இன்னொரு முறை முனகியது. திரும்பிப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நங்கை பின்னால் நின்றாள்.

"மோதிரம் விழுந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை."

"இடுப்பில் பிடிப்பா?"

"இல்லை."

"பின்னே?"

"தள்ளி உட்காருங்க, வழியை அடைச்சுக்கிட்டு" என்றாள். அவர் தள்ளுவதற்குள் கிளை ஒடிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். அந்தச் சத்தத்தை எந்தக் குரலாலும் நடித்துக் காட்ட முடியாது. அதற்கு ஓர் ஏரியே வேண்டும்.

மேலே வந்ததும் யார் முதலில் சிரித்தார்கள் என்று கொக்குகளைக் கேட்டால், நங்கைதான் என்று சொல்லும்.

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்வது இதுதான்: யாரையும் நோகடிக்காத சந்தோஷத்துக்கு ஊரின் ஒப்புதலும் வேண்டாம், சாக்கும் வேண்டாம், பிடித்திருக்கிறது என்பதே போதும்.